இரண்டு முறை நின்ற அலாரம்

சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலையில் அவனுக்கு இருபத்தோரு வருட சர்வீஸ். கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து மீட்டர்களைப் பார்ப்பதும், ஷிஃப்ட் மாறும்போது லாக் புக்கில் எழுதிவைப்பதும்தான் வேலை. ஆனால் அவனுடைய மவுசு வேறொன்றில் இருந்தது. ஆலையில் யாருக்கு ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தாலும், அது வங்கிக் கடிதமோ பள்ளிக்கூட நோட்டீஸோ ஸ்கேன் ரிப்போர்ட்டோ, நேரே அவனிடம்தான் வரும். அவன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, ஒருமுறை உதட்டை அசைத்துப் படித்து, பிறகு தமிழில் சொல்வான். டிக்‌ஷனரி என்று பெயர் நிலைத்துவிட்டது. சம்பள நாளில் கணக்கு எழுதுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். மனைவிக்குக் கோபம் வந்தால், “ஏங்க, உங்க டிக்‌ஷனரியில மன்னிப்புன்னு ஒரு வார்த்தை கிடையாதா?” என்பாள்.

ஆலையின் ஃபிட்டர் ஒரு விபத்தில் இறந்து ஏழு வாரம் கழிந்தபின் கம்பெனி ஒரு வகுப்பு ஏற்பாடு செய்தது. லாக் புக் எழுதுகிறவர்கள் எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் ஆங்கிலம் படிக்க வேண்டும் என்று உத்தரவு. டயர் கடைக்கு மேலே ஒரு அறை. பதினோரு பேர். டீச்சருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. குரல் கட்டையாக, சிரிப்பே இல்லாமல் ஜோக் அடிக்கிறவர்.

மூன்றாவது வாரம் அவர் போர்டில் வரிசையாக எழுதினார்: கிவ் அப், லுக் ஆஃப்டர், புட் ஆஃப், டேக் அவுட்.

“இதுல ரெண்டு வார்த்தையும் உங்களுக்குத் தெரியும். சேர்ந்தா தெரியாது. ஏன்னா சேர்ந்ததும் அது வேற ஆளாயிடும்,” என்றார். “தமிழ்ல இல்லாததில்ல. மேனேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்னு சொல்றீங்களே, எதை வாங்கினீங்க, எதைக் கட்டினீங்க?”

வகுப்பு சிரித்தது. பின்வரிசை பம்ப் ஆபரேட்டர், “அது மாசாமாசம் நடக்குது டீச்சர்,” என்றான்.

“வெளியூர்க்காரன் ஒருத்தன் அகராதியில ‘வாங்கு’ பார்த்து, ‘கட்டு’ பார்த்து, நீங்க கடைக்குப் போய் வந்தீங்கன்னு நினைச்சுப்பான். இங்கிலீஷ்ல நாமதான் அந்த வெளியூர்க்காரன்.” அவர் திரும்பி டிக்‌ஷனரியைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க. தி அலாரம் வென்ட் ஆஃப். என்ன நடந்துச்சு?”

அவன் யோசிக்கவே இல்லை. “அலாரம் நின்னு போச்சு.”

“எல்லாரும் ஒத்துக்கறீங்களா?”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆஃப் என்றால் அணைவது. விளக்கு ஆஃப், ஃபேன் ஆஃப், மோட்டார் ஆஃப். சுவிட்சில் எழுதியே இருக்கிறது.

“எல்லாரும் விழற பள்ளம் இது,” என்றார் டீச்சர். “நேர் எதிர். அலாரம் வென்ட் ஆஃப்னா அலாரம் அலறுச்சு. குண்டு வென்ட் ஆஃப்னா வெடிச்சுது. பால் வென்ட் ஆஃப்னா கெட்டுப் போச்சு.”

வகுப்பில் ஆச்சரியச் சலசலப்பு எழுந்தது. டிக்‌ஷனரி மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தன் குரல் போலவே இல்லாத ஒரு குரலில் கேட்டான்.

“டீச்சர், லுக் இன்டூ?”

“நல்ல கேள்வி. உள்ள எட்டிப் பார்க்கிறதுன்னுதான் தோணும். ஆபீஸ்ல எழுதினா அது இல்லை. என்ன ஏதுன்னு விசாரி, காரணம் கண்டுபிடின்னு அர்த்தம்.”

அவன் நோட்டில் எழுதுவதுபோல் குனிந்துகொண்டான்.

ஃபிட்டர் இறந்த அந்தக் காலையை அவன் அதுவரை ஒரு நண்பனை இழந்த காலையாகத்தான் நினைத்து வைத்திருந்தான். கம்பெனி தருவித்த இன்ஜினியர், தமிழ் ஒரு எழுத்தும் தெரியாதவர், முந்தைய ஷிஃப்ட் முடித்து வேறு ஆலைக்குக் கிளம்பியிருந்தார். லாக் புக்கில் இரண்டே வரி. மூன்றாம் தொட்டியின் கேஸ் அலாரம் ‘வென்ட் ஆஃப் ட்வைஸ்’. யாரையும் இறக்குவதற்கு முன் ‘லுக் இன்டூ இட்’. சைரனைத் தானே அமுக்கி வைத்துவிட்டுப் போவதை அவர் எழுதவில்லை.

ஃபிட்டர் வழக்கம்போல அவனுக்குப் பின்னால் வந்து, இடது தோளுக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு நின்றான். கிரீஸ் வாடையும் புகையிலை வாடையும் கலந்து அடிக்கும். பதினாறு வருடமாக அதே இடம். அவனுக்கு ஒரு வரியும் படிக்கத் தெரியாது, ஆனாலும் எழுத்தைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பான்.

“என்ன எழுதியிருக்கான் அந்த இன்ஜினியர் துரை?”

“மூணாம் தொட்டி அலாரம் ரெண்டு தடவை நின்னு போச்சாம். ஆளை இறக்கறதுக்கு முன்னாடி உள்ள பார்க்கச் சொல்றாரு.”

“அலாரம் நின்னதுக்கும் உள்ள பார்க்கறதுக்கும் என்னடா சம்பந்தம்? அலாரம் நின்னா வயரைத்தானே பார்க்கணும்.”

“எனக்கென்ன தெரியும். இன்ஜினியர் எழுதியிருக்காரு, செய்யேன்.”

“மாஸ்க் எடுத்துட்டுப் போகவா?”

“இறங்கினாத்தானே மாஸ்க். சும்மா எட்டிப் பார்க்கறதுக்கு எதுக்கு?”

ஃபிட்டர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே போனான். பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு மூன்றாம் தொட்டியின் மூடியைத் திறந்து, தலையை உள்ளே நீட்டினான். இரண்டே மூச்சு. மூடிக்கு வெளியே அவனுடைய ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

தூக்கியவர்களில் டிக்‌ஷனரியும் ஒருவன். ஃபிட்டரின் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னவனும் அவன்தான். அவள் ஒரு சின்ன கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். அண்ணா, அண்ணா என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அவனும் கூட அழுதான். அந்த அழுகையில் கலப்படம் இல்லை. இப்போது, டயர் கடை மாடியில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த அழுகையைக்கூட யாரோ வந்து திருப்பிக் கேட்பதுபோல் இருந்தது.

அடுத்த நாள் முதல் அது ஆரம்பித்தது.

கன்ட்ரோல் ரூமில் லாக் புக்கைத் திறந்தான். இடது தோளருகே காற்று கனமானது. ஆள் நிற்கிற கனம். கிரீஸ் வாடை வந்ததா, வந்ததாக நினைத்துக்கொண்டானா, அவனுக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதுதான் பயமா, யாராவது இருந்துவிடுவார்கள் என்பதுதான் பயமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. புத்தகத்தை மூடினான். கனம் போய்விட்டது. திறந்தான். வந்துவிட்டது.

புதன்கிழமை பதினோரு மணி பத்துக்குச் சைரன் கேட்டு வாசல்வரைக்கும் ஓடினான். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அவனை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

“என்னாச்சு டிக்‌ஷனரி?”

“சத்தம் கேக்கலையா?”

“என்ன சத்தம்?”

அதைவிடத் தொல்லை அந்தக் குட்டிச் சொற்கள். அப், அவுட், ஆஃப், இன், ஆன். இத்தனை வருடம் கண்ணில் படாமலிருந்தவை இப்போது கதவிலும் லிஃப்டிலும் மருந்துப் பெட்டியிலும் எறும்புகளைப்போல் ஊர்ந்தன. எதைப் படித்தாலும் இது நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்று சந்தேகம். பழையதெல்லாம் புரண்டு வந்து எதிரே நின்றது. எத்தனை பேருக்கு எத்தனை காகிதம் படித்துச் சொல்லியிருக்கிறான். அரைக்கிணறு தாண்டினவன் முழுக்கிணறு தாண்டினதாகச் சொல்லிக்கொண்டே இருபத்தோரு வருடம் ஓட்டியிருக்கிறான்; அதில் எத்தனை பேர் கிணற்றுக்குள் விழுந்தார்களோ.

விசாரணையின்போது அவன் கொடுத்த வாக்குமூலத்தின் நகல் வீட்டு அலமாரியில் இருந்தது. அவன் தமிழில் சொன்னதை ஆபீஸில் ஆங்கிலத்தில் அடித்துக் கையெழுத்து வாங்கியது. அதை எடுத்துப் பார்த்தான். ‘ஐ பாஸ்டு ஆன் தி வார்னிங்’ என்று இருந்தது. எச்சரிக்கையை நான் அவரிடம் சேர்ப்பித்தேன். சேர்ப்பித்தானாம். எழுதினவரும் பொய் எழுதவில்லை, சொன்னவனும் பொய் சொல்லவில்லை. அதற்குக் கீழே அவனுடைய அழகான கையெழுத்து, சுழித்து, அடிக்கோடு போட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிட்டரின் மனைவி வந்தாள். கையில் கம்பெனி உறை.

“விசாரணை ரிப்போர்ட்டாம் அண்ணா. தபால்ல வந்துச்சு. ஒரே இங்கிலீஷு. நீங்க படிச்சுச் சொல்லணும்.”

அவன் மனைவி அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் உறையைப் பிரித்தான். தோளருகே கனம் வந்து நின்றது. இந்தத் தடவை வீட்டுக்குள்ளேயே.

நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. இறந்தவருக்கு எச்சரிக்கை தெரிவிக்கப்பட்டது; அவர் அதை ‘பிரஷ்டு ஆஃப்’ செய்து, ‘வென்ட் அஹெட்’. இரண்டு மாதத்துக்கு முன்பாக இருந்தால், தூசி தட்டினார், முன்னால் போனார் என்று ஏதாவது சொல்லியிருப்பான். இப்போது ஒவ்வொன்றும் கண்ணாடிபோலத் தெரிந்தது. சொன்னதை உதாசீனம் செய்தார். செய்யாதே என்றதைச் செய்தார்.

“என்ன போட்டிருக்கு?”

“விபத்துன்னு போட்டிருக்கு தங்கச்சி.”

“அவர் மேல தப்புன்னு ஏதாவது?”

அவன் வாய் தானாகவே பேசியது. “அப்படியெல்லாம் இல்லை.”

அவள் பெருமூச்சு விட்டாள். “அப்பாடா. சொன்ன பேச்சைக் கேக்காம போய் விழுந்தாருன்னு குவார்ட்டர்ஸ்ல பேசிக்கறாங்க. பொண்ணுகிட்ட ஸ்கூல்ல எவளோ கேட்டிருக்கா, உங்கப்பா திமிர் பிடிச்சவராமேன்னு. அவ ரெண்டு நாளா சாப்பிடலை. இப்ப போய் சொல்றேன், இங்கிலீஷ் தெரிஞ்ச மாமாவே படிச்சுப் பார்த்துட்டாருன்னு.”

அவள் போனபின் அவன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். முதல் தடவை தெரியாமல் தவறாகச் சொன்னான். இந்தத் தடவை நன்றாகத் தெரிந்துகொண்டே சொன்னான். கனம் தோளைவிட்டு நகரவே இல்லை. சாப்பிடும்போது நின்றது. குளிக்கும்போது நின்றது. மறுநாள் லாக் புக்கைத் திறக்காமலேயே நின்றது.

மூன்றாம் நாள் மனைவி தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “என்னன்னு சொல்லுங்க. வேற பொம்பளைன்னாகூடச் சொல்லிடுங்க, தாங்கிக்கறேன்.”

அவன் சொன்னான். வகுப்பு, லாக் புக், ஃபிட்டர் கேட்ட கேள்வி, மாஸ்க், ரிப்போர்ட். சோறு ஆறிப்போனது.

“தெரியாம நடந்ததுக்கு உங்களை யாரும் தூக்குல போடமாட்டாங்க,” என்றாள் கடைசியில். “ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணு இங்க உக்காந்திருந்தப்ப சொன்னீங்களே, அது தெரியாம நடந்தது இல்லை. நானும் தண்ணி கொடுத்துட்டுப் பக்கத்துலயே நின்னிருக்கேன்.”

மறுநாள் மதியம் அவன் கிளினிக்குக்குப் போனான். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் மேஜைமேல் டோக்கன் அட்டைகளை ஒன்றிலிருந்து ஐம்பது வரைக்கும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“உக்காருங்கண்ணா. உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லை.” உட்காராமல் நின்றபடியே சொன்னான். முதலில் ரிப்போர்ட்டில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதை. அப்புறம் அந்தக் காலையை. வகுப்பில் தெரிந்துகொண்டதைச் சொல்லும்போது நாக்கு இரண்டு முறை தடுக்கியது.

அவளுடைய கை இருபத்தேழாம் எண்ணின்மேல் நின்றுவிட்டது.

“அலாரம் கத்திச்சுன்னு எழுதியிருந்தாங்க.”

“ஆமா.”

“நீங்க நின்னுச்சுன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“உள்ள பார்க்கச் சொன்னது?”

“பார்க்கச் சொல்லலை. என்ன காரணம்னு விசாரிக்கச் சொல்லியிருந்தாங்க. பார்க்கச் சொன்னது நான்.”

ஒரு வயதானவர் உள்ளே எட்டிப் பார்த்து, டாக்டர் இருக்காரா என்று கேட்டார். அவள், “நாலு மணிக்கு வாங்க ஐயா,” என்றாள். குரல் மாறவில்லை. அவர் போகும்வரை காத்திருந்தாள்.

“அவர் ஒண்ணும் கேக்காம போயிட்டாரா? எதையும் நாலு கேள்வி கேக்காம செய்யமாட்டாரே. நான் உப்பு வாங்கிட்டு வரச் சொன்னாக்கூட எதுக்குன்னு கேப்பாரு.”

இந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டும் என்றுதான் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தான். “கேட்டாரு. அலாரம் நின்னா வயரைத்தானே பார்க்கணும், உள்ள எதுக்குப் பார்க்கணும்னு கேட்டாரு. மாஸ்க் வேணுமான்னும் கேட்டாரு. நான்தான் தட்டிக் கழிச்சேன்.”

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அவன் ஆறுதல் சொல்ல வாயெடுத்தான். அதற்குத் தனக்கு என்ன பாத்தியதை என்று தோன்றி, மூடிக்கொண்டான். ரொம்ப நேரம் கழித்து அவள் இழுப்பறையிலிருந்து நாலு வெள்ளைத்தாளும் ஒரு பேனாவும் எடுத்து மேஜையில் வைத்தாள்.

“எழுதுங்க. தமிழ்ல. எனக்குப் படிக்கத் தெரியற எழுத்துல.”

அவன் எழுதினான். அவள் ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தாள். “அவர் கேள்வி கேட்டதை இன்னும் எழுதலையே,” என்றாள். எழுதினான். ‘மொழி சரியாகத் தெரியாத காரணத்தால்’ என்று அவன் ஆரம்பித்திருந்த இடத்தில் விரல் நின்றது. “இதை அடிச்சிடுங்க. காரணமெல்லாம் அவங்க கேக்கறப்ப சொல்லிக்கோங்க. இது எனக்கு.” அடித்தான். கையெழுத்துப் போட்டான்.

அவள் தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “இனிமே என்னைத் தங்கச்சின்னு கூப்பிடாதீங்க,” என்றாள். சண்டைபோடும் குரலில் இல்லை; டோக்கன் நம்பர் சொல்கிற அதே குரலில்.

மேனேஜரிடம் மறுநாள் சாயங்காலம் போனான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“முடிஞ்சு போன விஷயத்தை எதுக்குப்பா கிளறுறே? மண்ணை வாரி உன் தலையிலேயே போட்டுக்கறியே.”

“தலை என்னுதுதானே சார்.”

“வேலை போகலாம்.”

“தெரியும் சார்.”

அவர் அவனைச் சற்று நேரம் பார்த்தார். பைத்தியமா, இல்லை வேறு யாராவது தூண்டிவிட்டார்களா என்று எடைபோடுகிற பார்வை. அந்தத் தாள்களின் நகல் ஏற்கெனவே தொழிலாளர் அதிகாரிக்குப் போய்விட்டது என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. அதை அனுப்பியவள் ஃபிட்டரின் மனைவி. அவனைக் கேட்டு அனுப்பவில்லை.

விசாரணை மறுபடி திறந்தது. இன்ஜினியரை வரவழைத்துக் கேட்டார்கள். சைரனை அமுக்கியதை ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதை அதிகாரி அமர்த்தியிருந்த மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். டிக்‌ஷனரி அந்த மனிதரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் திரும்பக் கேட்டார். மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்ல முடியுமா. அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியை இருபத்தோரு வருடத்தில் தான் யாரிடமும் கேட்டதில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

வேலை போகவில்லை. கன்ட்ரோல் ரூம் போனது. ஸ்டோர் ரூமில் போல்ட்டும் வாஷரும் எண்ணிக் கொடுக்கிற வேலைக்கு மாற்றினார்கள். ஆட்கள் அவனிடம் காகிதம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். சிலர் பேச்சையும் நிறுத்திவிட்டார்கள். பம்ப் ஆபரேட்டர் மட்டும் ஒருநாள் டீயை நீட்டி, “நானும் நின்னு போச்சுன்னுதான் அன்னிக்குத் தலையாட்டினேன். புத்தகம் அந்தக் காலையில என் மேஜையில இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்,” என்றான். அவன் டீயை வாங்கிக்கொண்டான்.

கம்பெனி அவனை வகுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. லாக் புக் எழுதாதவனுக்கு ஆங்கிலம் எதற்கு. அவன் தன் கைக்காசைக் கட்டிச் சனிக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தான்; கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

புது ரிப்போர்ட் வந்தது என்று அவனுக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வகுப்புக்குச் சீக்கிரம் வந்துவிட்டான். அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், டீச்சரின் மேஜைக்கு எதிரே ஃபிட்டரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மகள், பள்ளிச் சீருடையில், பையை மடியில் வைத்துக்கொண்டு. டீச்சர் ஒரு வரியைப் படிப்பார், தமிழில் சொல்வார், அவளைப் பார்ப்பார். அவள் தலையசைத்த பின்தான் அடுத்த வரி. ஓரிடத்தில் மகள் ஏதோ கேட்டாள்; டீச்சர் பக்கத்தைத் திருப்பி மறுபடி காட்டினார். அவன் கதவுக்குப் பக்கத்திலிருந்து விலகி, மாடிப்படியின் மேல்முனையில் போய் நின்றான்.

அரைமணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். அவள் கண்கள் சிவந்திருந்தன. உறையை நெஞ்சோடு வைத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் நின்றாள். மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்; குழந்தைகள் பார்க்கிற மாதிரி அல்ல, பெரியவர்கள் பார்க்கிற மாதிரி.

“அவர் மேல தப்பில்லைன்னு போட்டுட்டாங்க,” என்றாள் அவள். “கேள்வி கேட்டாருங்கறதும் இருக்கு.”

“நல்லதும்மா.” ஒரு கணம் தயங்கி, “நான் வேணா ஒரு தடவை...” என்று கையை நீட்டப்போனான்.

“வேண்டாம். டீச்சர் படிச்சுட்டாங்க.”

அவன் கையை இறக்கிக்கொண்டான். படி குறுகல். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். அம்மாவும் மகளும் ஒருவர் பின்னால் ஒருவராக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக இறங்கிப் போனார்கள்.